லடாக் வானமும் தொட்டியம் தேரும்

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே நம்பர் ஒன் டோல்கேட்டைத் தாண்டி நாமக்கல் ரோட்டில் ஒரு பைக் போகிறது. ஓட்டுகிறவர் முதுகில் ஒரு மூட்டை, பக்கவாட்டில் கட்டிய முக்காலி என்றால், அவர் பயணப் படக்காரர். ஆறு நாள் திருச்சியில் வங்கி வேலை, ஏழாம் நாள் கலை. உடம்பில் எட்டுப் பை வைத்த ஜாக்கெட். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. தேவைப்படும் பேட்டரி மட்டும் வீட்டில் சார்ஜரில் இருக்கும். குணசீலத்தில் டீ, முசிறியில் இட்லி, வெயில் ஏறுவதற்குள் தொட்டியம் வாழைத்தோட்டம். தார் வெட்டிச் சுமந்து வருகிறவரை நிறுத்தி, "அண்ணே, இன்னொரு தடவை அதே மாதிரி நடந்து வாங்கண்ணே, வெளிச்சம் பிரமாதமா இருக்கு" என்பார். "தார் கனக்குது தம்பி, வெளிச்சத்த வண்டிகிட்ட வரச் சொல்லுங்க" என்று அவர் நடையைக் கட்டுவார்.

இந்த ஆளைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம், சிரிக்கவும் வேண்டும். ஆனால் ஊர் சிரிக்கிற இடம் தப்பு என்பது என் கட்சி. அகண்ட காவிரியில் சூரியன் விழும் நேரத்தில் ஒரு பரிசலையும் ஒற்றை ஆளையும் கறுப்பு உருவமாக்கி அவர் ஒரு படம் போட்டால், குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா முதல் மாப்பிள்ளை வரை கைதட்டுகிறார்கள். உண்மையில் அந்தப் படத்தை அவர் எடுக்கவில்லை. காலண்டர்கள் வெகுகாலமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒகேனக்கல்லிலும் அதே படம்தான், ஊர்ப் பெயரை மாற்றினால் போதும். அவரே இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியோ, ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக்கியோ ஏதாவது செய்து பார்த்தால், "என்ன மாமா, கை ஆடிடுச்சா?" என்று அதே குழு துக்கம் விசாரிக்கிறது. அவரிடம் மரியாதைக்குரியது ஏதாவது உண்டென்றால் அது இந்தக் கை ஆடின படங்களில்தான் இருக்கிறது.

பங்குனியில் தொட்டியம் மதுரகாளியம்மன் தேரை எடுத்துக்கொள்வோம். மற்ற ஊர்களில் வடம் பிடித்து இழுப்பார்கள், தேர் சக்கரத்தில் உருளும். இங்கே உயரமான இரண்டு தேர்களை ஆட்கள் தோளிலேயே சுமந்து போகிறார்கள். தோளில் போகும் தேர் நேராகப் போகாது. கீழே ஒரு பக்கம் காலை மாற்றி வைத்தால் மேலே உச்சி சாயும். அதற்கு ஈடுகொடுத்து மறுபக்கத் தோள்கள் எழும்பும். படக்காரர் வழக்கப்படி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அமுக்கினால் எல்லாம் உறைந்து, தேர் கட்டடம் மாதிரி நிற்கும். துல்லியமான படம், தேர் எப்படிப் போயிற்று என்பது மட்டும் அதில் இல்லை. கறுப்பு ஃபில்டரை மாட்டி, எட்டில் ஒரு பங்கு நொடிக்கு இறக்கினால் உச்சி அலைகிறது, தோள்கள் ஒன்றோடொன்று கலந்து கலைகின்றன, ஊன்றிய கால்கள் மட்டும் தெளிவாக விழுகின்றன. ஊன்றிய கால் அந்த நேரத்தில் அசையாதல்லவா? பாரம் எங்கே இறங்குகிறது என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. இப்படி எடுத்ததில் பெரும்பாலானவை குப்பைதான். ஆனால் தேறுகிற ஒன்றுக்காக அவர் அடியடியாகத் தேரையே பார்த்துக்கொண்டிருந்தாக வேண்டும். இந்த வித்தை இல்லையென்றால் அவர் பார்த்திருக்க மாட்டார்.

"போட்டோன்னா உள்ளதை உள்ளபடி காட்டணும், கையை வெச்சா பொய்" என்று பெரியவர்கள் ஆட்சேபிப்பார்கள். பதில் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், 1857 டிசம்பரில் கிளம்பி 1858 ஏப்ரல் வரை, சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1987இல் 236 அடிக்கு எழுந்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம். அவருடைய காகித நெகட்டிவுக்கு நீலம்தான் கண்ணில் படும். அதனால் வானம் வெளுத்து வெறும் தாளாக விழும், மரத்தின் பச்சை இருண்டுபோகும். டிரைப் நெகட்டிவிலேயே சாயம் தீட்டி மேகங்களை வரைந்தார், இலைகளுக்கு உருவம் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகள் ஒரே படத்தில் அடங்காது என்றதும், 21 படங்களை ஒட்டி 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். அரசாங்கத்துக்கு ஆவணம் எடுக்கப் போனவர் செய்த காரியம் இது. 1859இல் புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். படக்காரரின் வீட்டம்மாவுக்குச் சரித்திர ஆதாரம் தேவைப்பட்டால் உதவும்.

அப்படியானால் தொட்டியம் வாழைத்தோப்புக்கு மேல் லடாக் வானத்தை ஒட்டுவதும் கலைதானே என்று மடக்கலாம். அதற்கென்றே 2020இல் போட்டோஷாப்பில் ஒரு வசதி வந்துவிட்டது. டிரைப்பின் கருவிக்கு வானம் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. நம்மவரின் கருவிக்கு வானம் நன்றாகவே தெரிகிறது. அவர்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தொட்டியத்துக்குச் சற்று முன்னால் சீனிவாசநல்லூரில் முற்காலச் சோழர் கட்டிய குரங்கநாதர் கோயில் இருக்கிறது. கிழக்கு பார்த்த கோயில், தென்சுவரில் தட்சிணாமூர்த்தி. சித்திரையில் பாதி போனபின் ஆடி முடியும்வரை சூரியன் நாள் முழுக்க வடக்கே ஒதுங்கிப் போவதால், அந்தச் சுவரில் நேர்வெயில் விழுவதே இல்லை. மே மாத லீவில் போகிற படக்காரர் சிலை மங்கலாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் வெயில் அடிக்கவைக்கிறார். மார்கழியில் அதே சூரியன் தென்கிழக்கில் எழுந்து, காலையில் சுவரை ஒட்டினாற்போல் சாய்ந்து வரும். மடக்கிய முழங்காலும் சடைப் புரிகளும் கல்லிலிருந்து கழன்று முன்னால் நிற்கும். இரண்டும் சோதனைதான். முன்னது உலகத்தில் எந்தச் சிலைக்கும் பொருந்தும். பின்னதற்கு இந்தச் சுவர் வேண்டும், இந்த மாதம் வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போய்வருவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: ஒரே இடத்துக்கு ஆறு மாதம் கழித்துப் போனால் அது வேறு இடம்.

கடைசி ஆட்சேபம் தேர் தூக்கியவருடையது. இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. கலைந்த தோள்களும் தெளிந்த கால்களுமாக இருக்கும் படத்தை போனில் காட்டினால், "இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?" என்பார். "இது அசைவு தம்பி, உங்க உழைப்போட அசைவு" என்று படக்காரர் விளக்குவார். "அதெல்லாம் சரி, மூஞ்சி எங்க?" அவருக்கு வேண்டியது முகம், பின்னால் தேர், கண் மூடாமல். நியாயமான கோரிக்கை, பாரம் அவர் தோளில் இருந்தது. ஷட்டர் வேகத்தை ஏற்றி அப்படியும் ஒன்று எடுத்து, லேமினேட் போட்டுக் கொடுத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. எடுக்கவும் எடுப்பார். "கண்டிப்பா அனுப்புறேன்" என்று நம்பரையும் வாங்கி, ‘தொட்டியம் தேர்’ என்று பதிந்துகொள்வார். படம் மட்டும் ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்ற ஃபோல்டரில் அடுத்த பங்குனிவரை கிடக்கும். இதற்கு ஊர் கூடிச் சிரிக்கட்டும், நானும் வருகிறேன்.