கேள்வி – பதில்: சந்திரசேகரன் வளர்ந்த இரவு

பையன் ஒருவன் பெரியவனாகும் கதை, தமிழில் ஒன்றே ஒன்று சொல்லுங்களேன்?
(திருச்சி வாசகி)

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977இல் வந்தது. இரண்டாவது கேட்டாலும் இதையே சொல்வேன்.

தலைப்பு பூகோளப் பாடம் மாதிரி இருக்கிறதே?
(சேலம் வாசகர்)

பூகோளம் பாதி, சரித்திரம் பாதி. கதை நடப்பது அந்த அட்சக்கோட்டை ஒட்டியுள்ள செகந்திராபாத்தில். நாட்டுக்கு 1947 ஆகஸ்டிலேயே சுதந்திரம். ஹைதராபாத் நிஜாம் ஆண்ட இந்த ஊருக்குள் இந்திய ராணுவம் வர 1948 செப்டம்பர் ஆனது. அந்த இடைவெளிதான் நாவல்.

கதாநாயகன் என்ன சாதிக்கிறான்?
(மதுரை வாசகர்)

சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், காலேஜ் போகிறான். ரயில்வேக்காரர் வீட்டுப் பையன் வேறென்ன செய்வான்? ஊரில் நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கார்கள் பற்றிய பேச்சு அடிபடுகிறது. அகதிகள் வந்து இறங்குகிறார்கள். காந்தி சுடப்பட்ட செய்தி வருகிறது. கூட ஆடுகிறவர்கள் அதுவரை பவுலர், பேட்ஸ்மேன், அவ்வளவுதான். மெல்ல மெல்ல அவர்கள் முஸ்லிம், இவன் இந்து என்று ஆகிறது.

எந்த இடத்தில் அவனுடைய பிள்ளைப்பருவம் முடிகிறது?
(கோவை வாசகி)

கடைசிப் பக்கங்களில். ஊரில் கலவரம். உயிருக்குப் பயந்து ஓடும் சந்திரசேகரன் சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் போய் விழுகிறான். ஏழை முஸ்லிம் குடும்பம். அவர்களும் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவன் வயதை ஒட்டிய பெண் ஒருத்தி முன்னால் வருகிறாள். வீட்டாரை விட்டுவிடச் சொல்லித் தன் உடைகளைக் களைகிறாள். இவன் கையில் கத்தி இல்லை, மனதில் கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கு அது எப்படித் தெரியும்? இருட்டில் சுவரேறிக் குதித்து வந்த ஆண், அவ்வளவுதான் அவள் கண்டது. வெளியே ஓடுகிறான்.

உலகம் கெட்டது என்று தெரிந்துகொள்வதைத்தான் வளர்வது என்று நிறைய நாவல்கள் சொல்லும். இங்கே நடப்பது அதைவிடக் கொடுமை. ஒன்றுமே செய்யாத தன்னைப் பார்த்தும் ஒரு வீடு இப்படி நடுங்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.

சில இடத்தில் 'நான்', சில இடத்தில் 'சந்திரசேகரன்' என்று மாறி மாறி வருகிறதே, அச்சுப் பிழையா?
(நெல்லை வாசகர்)

இல்லவே இல்லை. பதினேழு பதினெட்டு வயதில் கண்ணாடி பார்த்ததில்லையா நீங்கள்?

என் மகனுக்குப் பதினாறு வயது. கொடுக்கலாமா?
(தஞ்சை வாசகி)

கொடுங்கள் அம்மா. கடைசி அத்தியாயம் படிக்கிற அன்றைக்கு மட்டும் வீட்டில் இருங்கள்.