அடுத்த மாடல் வரட்டுங்க

திருப்பூர் வட்டாரத்தில் எந்த மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் போனாலும் மேடையின் ஓரத்தில் அவரைப் பார்க்கலாம். கச்சேரி ஆரம்பிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கும். டிரம்ஸ்காரர் போல்ட் முறுக்கிக்கொண்டிருப்பார். பாடகி டைரியைப் புரட்டிக்கொண்டிருப்பார். மைக்செட் பையன் ‘ஹலோ, ஹலோ’ என்று ஊரையே நலம் விசாரித்துக்கொண்டிருப்பான். இவர் மட்டும் மேடைக்குக் கீழே நிற்கும் யாரையாவது பிடித்துத் தன் கீபோர்டைக் காட்டி, “இது சும்மா இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்க. அடுத்த சீசன்ல மாத்தறோமுங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பார். இதே வார்த்தையை இதே இடத்தில் முன்பு கேட்டவர் இப்போது பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்.

பெயர் வேண்டாம். அனுப்பர்பாளையத்தில் ஒருவர், பெருமாநல்லூரில் ஒருவர், பல்லடம் ரோட்டில் ஒருவர் என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பகலில் கட்டிங் மாஸ்டராக இருப்பார், அல்லது செக்கிங் கான்ட்ராக்ட் எடுத்திருப்பார். நான் சொல்லப்போகிறவர் பவர் டேபிள் வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை, எட்டுப் பத்து மெஷின், எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடமிருந்து வரும் கட் பீஸை டீ-ஷர்ட்டாகத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். அப்புறம்தான் குளித்து, ஜிப்பா மாட்டி, கீபோர்டை வண்டியின் முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டு கிளம்புவார். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆக ஒரு மணி நேரக் கலைஞர்.

மெஷின் வாங்குவதில் இந்த மனிதரின் வேகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். “ஓவர்லாக் பழசாயிருச்சு, நூல் அறுக்குது” என்று டெய்லர் சொல்லி முடிப்பதற்குள் மெஷின்காரருக்கு போன் போயிருக்கும். புது மெஷின் நாளைக்கு எத்தனை பீஸ் கூட எடுக்கும், எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் எல்லாம் விரல் நுனியில் வரும். டீ ஆறுவதற்குள் முடிவு. பழைய மெஷினைப் புதுப்பிக்கவென்றே 1999-ல் மத்திய அரசு வட்டி மானியத்தோடு ஒரு திட்டம் கொண்டுவந்ததே, திருப்பூர்க்காரர்கள் செல்லமாக டஃப் லோன் என்பார்களே, அதன் விவரமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருமுறை வங்கி மேனேஜரிடம், “இதுல கீபோர்டு வருமுங்களா?” என்று கேட்டுவிட்டார். மேனேஜர் கம்ப்யூட்டர் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டு, அதெல்லாம் சில்லறைச் செலவு, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார்.

பெகாசஸ் ஓவர்லாக் மெஷின் செய்கிற கம்பெனியும் ஜப்பானின் ஒசாகா ஊர்தான். ரோலண்ட் கீபோர்டு கம்பெனி 1972-ல் பிறந்ததும் அதே ஒசாகாதான். ஒரே ஊர்க்காரர்கள் செய்த இரண்டு மெஷினில் ஒன்றை வாங்க அவருக்கு அரை டம்ளர் டீ போதும். இன்னொன்றுக்கு ஒரு தலைமுறை பத்தவில்லை.

காரணம் காஸ்டிங். காஸ்டிங் போடத் தெரியாதவன் திருப்பூரில் டீக்கடைகூட வைக்க முடியாது. நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங், காம்பாக்டிங், வேஸ்டேஜ், தையல், பிசிறு வெட்டக் கூலி, அயர்ன், பாலிபேக் என்று ஒரு பனியனைப் பைசா பைசாவாகப் பிரித்துவிடுவார்கள். அவரும் கீபோர்டுக்கு அப்படித்தான் போடுகிறார். கச்சேரிக்கு 2,000 ரூபாய். ஆடி, பங்குனி, சித்திரை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு இருபது கச்சேரி. அவர் முதலில் கண் வைத்திருந்த யமஹா எஸ்எக்ஸ்900 ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. வருகிற பணம் முழுவதையும் அப்படியே கொட்டினாலும் நாலு வருஷம். பெட்ரோல், கச்சேரி முடிந்து பரோட்டா, கமிட்டிக்காரர் ‘அடுத்த வாரம் தர்றேன்’ என்ற பாக்கி எல்லாம் கழித்தால் ஆறு. இந்தக் கணக்கில் ஓர் ஓவர்லாக் மெஷினைக்கூட யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே கணக்கைத் திருத்துவார். ‘புதுசு வந்தா கச்சேரி கூடும்’ என்று ஒரு வரி சேர்ப்பார். அதுவும் பத்தாது. ‘மரியாதை’ என்று தனியாக ஒரு வரி போட்டு எதிரே பத்தாயிரம் என்று எழுதுவார். அப்படியும் டேலி ஆகாது. லாட் சீட்டின் பின்பக்கத்தில் போட்ட அந்தக் காஸ்டிங்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை புதுச் சீட்டில் முதலிலிருந்து தொடங்குவார். ஊரில் அத்தனை பேருக்கும் கணக்கு முடிவு எடுக்க உதவுகிறது. இவருக்கு மட்டும் முடிவு எடுக்காமல் இருக்க உதவுகிறது. எனக்கென்னவோ இதுதான் கணக்கின் உயர்ந்த பயன் என்று தோன்றுகிறது.

அப்படியும் சில தடவை மனசு துணிந்ததுண்டு. அப்போதெல்லாம் நாடோ உலகமோ குறுக்கே வந்துவிடும். 2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கோர்க் க்ரோனோஸ் வெளிவந்த வருஷம் அது. சாயம் இல்லை, துணி இல்லை, தையல் இல்லை, ஆகவே க்ரோனோஸும் இல்லை என்று அவர் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார். சாயப்பட்டறை ஓடியிருந்தாலும் அந்த விலைக்கு அவர் வாங்கியிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கீபோர்டுக்கென்று ரகசியமாகச் சேர்த்தது முழுக்க அந்த இரண்டு நோட்டுதான். கொண்டுபோய் மாற்றினார், ஆனால் அதற்கு வீட்டில் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பணம் மொத்தம் எவ்வளவு, எப்போதிருந்து சேர்ந்தது என்ற விசாரணையை அவருடைய வீட்டம்மா இன்னும் முடிக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அதே வருஷம் யமஹா ஜெனோஸும் வந்தது. ஆடிட்டர் வீட்டுக்கும் கொட்டகைக்கும் அலைந்ததில் ஜெனோஸ் வந்ததே அவருக்குத் தெரியாது. 2019-ல் எஸ்எக்ஸ்900 வெளியானது, இதுதான் நம்ம கீபோர்டு என்று முடிவு கட்டினார், 2020 மார்ச்சில் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினார், ஊரே அடைத்துவிட்டது. 2022-ல் நூல் விலை. 2024-ல் எல்லாம் கூடிவந்தபோது யமஹாவே எஸ்எக்ஸ்920 என்று அடுத்ததை இறக்கிவிட்டது. பழைய மாடலை யாராவது வாங்குவார்களா? அதையும் பார்த்து, விலை விசாரித்து, சரி என்று தலையாட்டியபோது 2025 ஆகஸ்ட். இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி. ஒரு ஷெனாய் டோன் திருப்பூருக்கு வருவதைத் தான் தடுத்துவிட்டோம் என்று வெள்ளை மாளிகைக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

இப்போது கையில் இருப்பது யமஹா பிஎஸ்ஆர் ஐ425. இந்தியாவுக்கென்றே நம்மூர் வாத்தியங்களும் தாளங்களும் போட்டு வந்த 61 கட்டைப் பெட்டி. ஒரே நேரத்தில் 32 ஒலிதான் எழுப்பும். தாளமும் ஓடி, வயலின் கோர்வையையும் பிடித்து, பெடலையும் மிதித்தால் முதலில் எழுந்த ஒலிகளைத் தானாகவே கழற்றிவிட்டுவிடும். ஆனால் அவர் சொல்லும் குறை அதுவல்ல. மேலே ஒரு வெள்ளைக் கட்டை இருக்கிறது. கொட்டகையின் பஞ்சுத் தூசி அதன் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பரில் இரண்டு கார்பன் பொட்டு உண்டு. ஒன்று தொட்டு மற்றொன்று தொடுவதற்குள் ஆகும் நேரத்தை வைத்துத்தான் மெதுவாக அழுத்தினோமா, ஓங்கி அடித்தோமா என்று பெட்டி தெரிந்துகொள்ளும். நடுவில் பஞ்சு புகுந்தால் கணக்குத் தப்பிவிடும். ஆகவே தாலாட்டுப் பாட்டின் நடுவே அந்த ஒரு ஸ்வரம் மட்டும் சண்டைக்கு வரும். அவரும் அந்தக் கட்டையைத் தொடாமல், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று சுற்றி வாசிக்கப் பழகிவிட்டார். ‘அண்ணனுக்குன்னு ஒரு தனி ஸ்டைல்’ என்று ஊரில் ரசிகர்கள் புகழ்வது அந்தச் சுற்றுவழியைத்தான். நாலு ஸ்க்ரூ கழற்றி, ரப்பரை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்தால் அரைநாளில் சரியாகிவிடும். அவருக்கும் தெரியும். சரிசெய்துவிட்டால் மாற்றுவதற்கு என்ன காரணம் சொல்வது?

இன்னொரு ரகசியமும் உண்டு. பாடகர் ஒன்றரைக் கட்டை என்பார், பாடகி ஐந்தரை என்பார். இவர் அசரமாட்டார். டிரான்ஸ்போஸ் பட்டனை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு எப்போதும்போல சி மேஜரிலேயே வாசிப்பார். கறுப்புக் கட்டைகளில் பல, பிரித்த நாளின் பளபளப்போடு இன்னும் இருக்கின்றன. எஸ்எக்ஸ்900-ல் 128 ஒலி எழும். 128-ம் அதே சி மேஜரில்தான் எழும்.

நூல்காரரைப் பார்க்கக் கோவை போகும்போதெல்லாம் ஒரு இசைக்கருவிக் கடைக்குள் நுழைவார். துணியின் ஜிஎஸ்எம் பார்ப்பதுபோலக் கட்டையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்ப்பார். ஹெட்போன் கொடுப்பார்கள், வேண்டாம் என்பார், கடை முழுக்கக் கேட்கவேண்டும் அல்லவா. ஆயிரத்துக்குமேல் டோன் இருக்கும் பெட்டியில் எலெக்ட்ரிக் பியானோவை மட்டும் தேடுவார். யமஹா டிஎக்ஸ்7 என்று 1983-ல் ஒன்று வந்து உலகம் முழுக்கப் பாட்டுகளில் மணிமணியாக ஒலித்ததே, அந்தச் சத்தம். அதைக் கண்டுபிடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். ராஜா சார் குழுவில் விஜி மேனுவல் வாசித்ததைப் பற்றிக் கடைப் பையனுக்கு அரைமணி நேரம் வகுப்பு நடக்கும். பிறகு கச்சேரியில் வாசிக்கும் அதே நாலு பாட்டின் அதே முகப்பிசை. மேலே அந்தக் கட்டை வரும் இடத்தில் இங்கேயும் சுற்றிக்கொண்டு போவார், புது கீபோர்டில் அது நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும்.

“என்ன ரேட்டு வருமுங்க?”

பையன் சொல்வான்.

“அது எம்ஆர்பி. முடிவா என்னன்னு சொல்லுங்க. பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டுங்களா?”

“ஐ425-ங்களா? அது எடுக்கறதில்லீங்கண்ணா.”

அவ்வளவுதான். அவர் முகம் மாறிவிடும். “அதோட அருமை உங்களுக்கு எங்கீங்க தெரியப்போகுது” என்று எழுந்துவிடுவார். இரண்டு வாரம் வரைக்கும் பழைய கீபோர்டுக்கு அந்த வீட்டில் தனி உபசாரம் நடக்கும்.

இப்போது புதுத் தொந்தரவு ஒன்று முளைத்திருக்கிறது. குழுவில் ரிதம் பேட் வாசிக்கிற பையன், “எதுக்குங்கண்ணா இவ்வளவு காசு? சின்னதா ஒரு கன்ட்ரோலர் வாங்கி லேப்டாப்புல மாட்டுனா உலகத்துல இருக்கற அத்தனை டோனும் வருமுங்க” என்கிறான். “மேடையில அப்டேட் வந்து நின்னுபோச்சுன்னா அப்ப நீ வாயிலயே மியூசிக் போடுவியாடா தம்பி?” என்று அவர் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. ஆனால் பென் டிரைவோடு ஒரே ஒருவர் வந்து கரோக்கி போட்டுப் பாடிவிட்டுப் போகும் கோயில்கள் கூடிக்கொண்டே வருகின்றன. அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவர் டீ சொல்லப் போய்விடுவார்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். மற்றவர்களுக்கு வாங்கித்தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பக்கத்துத் தெரு சர்ச்சுக்கு, டெய்லரின் மகளுக்கு, கல்யாணமண்டபக்காரரின் மச்சானுக்கு எல்லாம் அவர்தான் கூடவே போய் எடுத்துக்கொடுத்தார். “இத எடுங்க, கண்ண மூடிட்டு எடுங்க” என்பார். அவர்களும் எடுத்துவிடுவார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த மாடலில் உள்ள குறைகளைத் தனக்காக ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருவார்.

வீட்டம்மா ஒரு நாள் வழி சொன்னார். “ஏனுங்க, சீசனுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கோங்களே.”

“வாடகைப் பொட்டியில உசுரு இருக்காது.”

“நீங்கதானே சொன்னீங்க, ரகுமான் அப்பா சேகர் 76-ல தவறிப்போனப்ப அவரோட வாத்தியத்தையெல்லாம் வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்துச்சுன்னு. அத வாங்கிட்டுப் போனவங்களும் உசுரோடதானுங்களே வாசிச்சிருப்பாங்க?”

ரகுமான் கதையை ஊருக்கெல்லாம் சொன்னது தப்பு என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டிருக்கிறது.

போன மாதம் ஜாப் ஒர்க் பில் விஷயமாக அவர் கொட்டகைக்குப் போயிருந்தேன். நூல்கண்டு அடுக்கும் அலமாரியின் மேல்தட்டில் நீள நீளமாக ஏதோ மடித்து வைத்திருந்தது. எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன ஃப்ளீஸ் துணியில் தைத்த கீபோர்டு கவர்கள். ஜிப், கைப்பிடி, பெடலுக்குத் தனிப் பை, ஓரத்தில் டபுள் தையல். குறை சொல்ல முடியாத வேலை. ஒன்று எக்ஸ்பி80-க்கு. 1996-ல் வந்த ரோலண்ட், 76 கட்டை, அதனால் நீளம் கூட. ஒன்று கோர்க் பிஏ600-க்கு. ஒன்று எஸ்எக்ஸ்900-க்கு, கடையில் யாரும் பார்க்காதபோது இஞ்ச் டேப் வைத்து அளவெடுத்தாராம். எதுவும் அவர் வாங்கியது இல்லை. ஐ425-க்கு மட்டும் கவர் கிடையாது, அதன்மேல் ஒரு பழைய வேட்டி கிடந்தது.

“எஸ்எக்ஸ்920-க்குத் துணி வெட்டியாச்சுங்க” என்றார். “பைப்பிங்குக்கு மெரூன் போடறதா நேவி போடறதான்னுதான் பாத்துட்டு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?”