வளைகழுத்து விளக்கியல்: கோவைப் பட்டறைகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

இலக்கணம்: ஒரு முனை சுவரிலோ லேத்திலோ பிடித்திருக்க, மறுமுனை நினைத்த பக்கம் திரும்புவது வளைகழுத்து விளக்கு. திரும்பிய பின் அங்கேயே நிற்க வேண்டும் என்பது இலக்கணத்தில் சேராது, வேண்டுதலில் சேரும்.

வரலாறு: பிரான்சில் பெர்னார்-அல்பன் கிரா 1921-இல் மூட்டுள்ள விளக்குக் கையை வடிவமைத்தார். வண்டி சஸ்பென்ஷனில் கைதேர்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் கார்வர்டைன், ஸ்பிரிங்கால் எடையைச் சமன்செய்யும் கைக்கு 1932-இல் காப்புரிமை கோரினார். அதே 1932-இல்தான் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்டில் கோவை மில்கள் பெருகின. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் என்று தள்ளிவிடலாம். தள்ளினால் கட்டுரையில் ஒரு பத்தி குறையும்.

பயன்: கூரையில் டியூப்லைட் இருக்க இது எதற்கு எனின், பழைய சோக் வைத்த டியூப்லைட் நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. லேத்தில் வேலைத்துண்டைப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், ஒரு துடிப்புக்குச் சரியாகக் கால் சுற்று நகரும். ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்துவிடுவதால், ஓடும் சக் நிற்பதுபோலத் தெரியும். நம்பிக் கை வைத்தவருக்குப் பிறகு விரல்விட்டு எண்ணும் கணக்கு உதைக்கும். குண்டு பல்பின் இழையோ அந்த இடைவெளியில் ஆறுவதில்லை. ஆகவே சக்குக்குப் பக்கத்தில் குண்டு பல்பு போட்ட வளைகழுத்து விளக்கை இழுத்து வைப்பது அலங்காரம் அன்று, விரல் காப்பு.

தொங்கல் விதி: கை நீள நீள மூட்டில் விழும் திருப்புவிசை கூடும், எண்ணெய் படப்பட உராய்வு குறையும். பட்டறையில் வேலை எப்போதும் எட்டத்தில் இருக்கும், எண்ணெய் எங்கும் இருக்கும். எனவே விளக்கு தொங்கும்.

இதற்குப் பரிகாரம் சொல்வோர் இரு பிரிவினர். முதலாமவர் முடுக்கர். "நேத்துத்தானுங் முடுக்குனேன்" என்பது இவர்களின் மூல வாக்கியம். இவர்கள் முடுக்கிய விளக்கைத் திருப்ப, அடுத்த ஷிப்ட்காரர் சுவரைத் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டாமவர் கட்டர், கட்டுக்கம்பியே இவர்களுக்குக் கடைசிப் பிரமாணம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊரில் கட்டுக்கம்பியா என்று கேட்டால், "எரியுதில்லீங், அப்பறம் என்னங்?" என்று பதில் வரும். கணபதிப் பட்டறைகளிலும் சிட்கோ தொழிற்பேட்டையிலும் இதற்கு மேல் வாதம் செல்லாது.

மூன்றாம் பிரிவு (பரிகாரமே தேவைப்படாதவர்): ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் காபிக் கடைகளில் அதே வடிவ விளக்கு செங்கல் சுவரில் நிற்கிறது. எண்ணெய் இல்லை, எனவே தொங்கவில்லை. திருப்புவோரும் இல்லை. வெர்னியர் கோட்டைப் படிக்கப் பிறந்த வெளிச்சம் காபி நுரையை விசாரிக்கிறது. வேலைக்காரர் வசதிக்கு வளைவதே இவ்விளக்கின் தர்மம். வளைக்க ஆளில்லாதபோது அது ஆணியடித்த பல்புதான்.

பரிந்துரை: வீட்டில் இதை மாட்டுவோர் அதன்கீழ் ஊசியில் நூலாவது கோக்க வேண்டும்.

இம்முடிவுகளை மறுப்போர் மறுப்புரையோடு பத்தாம் நம்பர் ஸ்பேனரும் கொண்டு வரவும். ஆய்வுக்கு எடுத்த விளக்கு மறுபடி தொங்கிவிட்டது.