மாடு தின்ற சட்டை

சொக்கிளேற்று ஒரு போர்த் தளபாடம் என்பது எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தெரியும். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி ஆனையிறவுப் பாதை அடைபட்ட பிறகு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாத சாமான்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, யூரியா, பற்றரி என்று அது தொடங்கியது. சரி, சண்டை நடக்கிற இடம், விளங்குகிறது. அதே பட்டியலில் சவர்க்காரமும் மெழுகுதிரியும் சொக்கிளேற்றும் இருந்தன. சொக்கிளேற்றைத் தின்றுவிட்டு நாங்கள் எந்த முகாமை அடிப்போம் என்று கொழும்பில் பயந்தார்களோ தெரியாது. என் கையில் கிடைத்திருந்தால், தம்பி காணாமல் கோடிப்புறத்தில் நின்று தின்றிருப்பேன். அதற்குமேல் என்னிடம் திட்டம் எதுவும் இருக்கவில்லை.

'பொருளாதாரத் தடை' என்று மழலை மாறாத பிள்ளைகளும் சொல்லின. பெரியவர்களுக்கு அது வலு வசதியான சொல்லாகப் போய்விட்டது. புதுச் சப்பாத்து கேட்டால் தடை. பட்டம் கட்டத் தாள் கேட்டால் தடை. சின்னம்மா தேத்தண்ணிக்குச் சீனி குறைத்துப் போட்டாலும் தடையின்மேல்தான் பழி. சண்டைக்கு முதலும் அவ தேத்தண்ணி அப்படித்தான் இருந்தது.

மண்ணெண்ணெய் சங்கக்கடையில் அட்டைக்கு அளந்து கிடைக்கும். வெளியில் வாங்கினால் கொழும்பு விலையின் பல மடங்கு. மின்சாரம் போன இடம் தெரியாது. அதனால் வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டியெடுத்த வால்வுக்குள்ளால் திரியை இழுத்து, ஒரு கம்பியில் கொழுவி உள்ளே இறக்கினால் சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் லேசில் முடியாது. அந்த வெளிச்சத்தில் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிப் பாஸ் பண்ணியவர்கள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் பெரிய டொக்டர்மார், எஞ்சினியர்மார். அதே வெளிச்சத்தில் படித்தும் பெயில் விட்டவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் இருக்கிறேன்.

மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஓடும், ஆனால் கிளம்பாது. கிளப்புவதற்கு 'சூப்பி' என்று ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் இருந்தது. அதில் இருக்கிற பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் பீச்சிவிட்டு உதைக்க வேண்டும். அந்தத் துளிகளின் விலை தெரிந்தவன் எஞ்சினை நிற்பாட்ட மாட்டான். எங்கள் மாமா வீட்டுக்கு வந்தால் இறங்கவே மாட்டார். படலையடியில் எஞ்சின் உறும, சீற்றில் இருந்தபடியே தேத்தண்ணி குடிப்பார், சாதகம் பார்ப்பார், சீதனம் பேசுவார். அத்தையின் தங்கைக்குப் பேசிய கலியாணம் ஒன்று குழம்பியதற்குக் காரணம், எஞ்சின் சத்தத்துக்குள்ளே 'வீடு இல்லை' என்றதை அவர் 'வீடு எல்லை' என்று கேட்டதுதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். பழத்தைப் பிசைந்து அந்தக் களியைப் போட்டு உடுப்புத் தோய்ப்பது. நுரை வரும், ஊத்தையும் ஓரளவுக்குப் போகும். வாசம் மட்டும் போகாது. பனங்களியின் வாசம் மனிதருக்கு ஒரு மாதிரி, மாட்டுக்கு வேறு மாதிரி. கொடியில் காயப்போட்ட என் வெள்ளைச் சட்டையைப் பக்கத்து வீட்டுப் பசு கழுத்துப்பட்டியிலிருந்து தொடங்கி, அவசரப்படாமல், பொக்கற் வரைக்கும் சாப்பிட்டு முடித்தது. துரத்தப் போன அம்மம்மாவை அது பார்த்த பார்வையில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் காரணம் சொன்னேன். வாத்தியார் நம்பினார். அவருடைய சாரத்தையும் அப்போதுதான் ஒரு கன்று தின்றிருந்தது.

இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. பற்றரி இல்லாதபடியால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, ஒரு பிள்ளையை மிதிக்க விடுவார்கள். எங்கள் வளவில் அந்தப் பிள்ளை நான். அக்கம்பக்கம் முழுக்கத் திண்ணையில் இருந்து செய்தி கேட்கும். நான் களைத்தால் லண்டனும் களைக்கும். 'மிதியடா மோனை, முக்கியமான இடம் போகுது' என்று அப்பா கத்துவார். உலகச் செய்தி என்றால் எனக்கு இன்றைக்கும் கால்தான் நோகிறது.

அம்மம்மா ஒருமுறை கண் வைத்தியத்துக்குக் கொழும்பு போய்த் திரும்பும்போது நாலு பற்றரியைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு வந்தா. வவுனியாவுக்கு அங்காலே சோதனையில் பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு கட்டிச் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு விட்டார்கள். கொண்டையை ஒருவரும் தொடவில்லை. கிளாலிக் கடலையும் வள்ளத்தில் தாண்டி, நிமிர்த்திய தலை குனியாமல் வீடு வந்து சேர்ந்து, கொண்டையை அவிழ்த்தா. நாலும் சின்னப் பற்றரி. எங்கள் றேடியோவுக்குப் பெரிய பற்றரி. நான் மறுபடி சைக்கிளில் ஏறினேன்.

சாமான் உள்ளே வர அரசாங்கம் விடவில்லை. ஆள் வெளியே போகப் புலிகள் இயக்கம் விடவில்லை. போவதற்குப் பாஸ் வேண்டும், திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆள் பிணை வேண்டும். பிணை நிற்கக் கேட்டு வருகிறவரைக் கண்டதும் சொந்தக்காரர்கள் கிணற்றடிப் பக்கம் மறைந்துபோன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஆனால் தடை போடுகிற வித்தை எங்களுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. தேத்தண்ணிக் கடையில் தனிக் கிளாஸ் வைத்துச் சாதி பார்த்த ஊர் இது. 1957இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டவர்களை மறித்து நின்றவர்கள் எங்கள் ஆட்கள்தான். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னதும் தமிழில்தான். சோனகதெரு வீடுகள் வெறுமையாகின. அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அதை விட்டுவிட்டுச் சொக்கிளேற்றுக் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு திரிவது அழகுமில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் மறுபடி மூடியது. சீனிக்கும் மாவுக்கும் கப்பலைப் பார்த்திருந்தோம். போரும் 2009இல் முடிந்தது. இனிப் பட்டியல் இல்லை என்று நினைத்திருக்க, 2020இல் டொலர் போகிறதென்று முழு நாட்டுக்கும் இறக்குமதித் தடை வந்தது. மஞ்சள் அதில் ஒன்று. இராமேசுவரம் பக்கமிருந்து வள்ளத்தில் மஞ்சள் மூட்டை கடத்திப் பிடிபடுகிற காலமும் வந்தது. 2021இல் இரசாயன உரம். எங்களுக்குத் தொண்ணூறுகளில் குண்டு செய்வோமென்று மறித்த அதே யூரியாவை, இப்போது நஞ்சு என்று எல்லோருக்கும் மறித்தார்கள். வெங்காயச் செய்கைக்காரர் ஒருவர், 'இப்பதான் தம்பி எங்களைச் சமமா நடத்துறாங்கள்' என்றார். ஆண்டு முடியுமுன்னமே அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள், சமத்துவம் அவ்வளவுதான்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்த கொழும்புச் சிநேகிதன் ஒருவன் போன் எடுத்து, காரை மண்ணெண்ணெயில் ஓட்டலாமா என்று கேட்டான். எங்கள் வீட்டில் அந்தப் போன் வந்ததையே ஒரு பட்டமளிப்பு விழா மாதிரிக் கொண்டாடினார்கள். மாமா போனைப் பறித்துச் சூப்பியிலிருந்து தொடங்கி விளங்கப்படுத்தினார். பாவம் அவன், ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெயே லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்தது.

எல்லாத்தையும் பொறுத்தோம். 2020 பட்டியலில் உழுந்தும் இருந்ததைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை. நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீடுகளில் மச்சம் இல்லை. அது நாங்களே விரும்பிப் போட்ட தடை, அதைத் தாங்குவதே தோசையையும் வடையையும் நம்பித்தான். அந்த நேரத்தில் உழுந்தின் விலை ஏறிய ஏற்றத்தில், கோதுமை மாவைக் கரைத்துச் சுட்டுத் தோசை என்று தந்தார்கள். முருகனுக்காகச் சாப்பிட்டேன்.

அடுத்த பட்டியலை எந்தக் கந்தோரில், எந்த மேசையில் எழுதப்போகிறார்களோ தெரியாது. எழுதுகிற ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள்: பெற்றோலையும் பற்றரியையும் சொக்கிளேற்றையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கெல்லாம் எங்களிடம் வழியிருக்கிறது. உழுந்தை மட்டும் விட்டுவிடுங்கள்.