கெர்னல்காரர்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “என்ன லேப்டாப் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டால் பயப்பட வேண்டாம். பதில் சொன்னதும், “அதுல வைஃபை சிப் எது?” என்று கேட்டால் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிடுங்கள். அவர் கெர்னல்காரர்.

புதுக் கணினியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பெட்டியைப் பிரித்ததும் ஓடிவிடுகிறது. அதில் மனுஷனுக்கு என்ன வேலை? அவருடைய செல்லம், 2007-இல் வந்த ஆசஸ் ஈ பிசி 701. ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, 32 பிட் செலரான். இத்தனை காலம் டெபியன் லினக்ஸ்தான் அதற்குச் சோறு போட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, இனி 32 பிட் பிசிக்குக் கெர்னல் கிடையாது என்று கையை விரித்துவிட்டது. வேறு யாராவது என்றால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர் முகத்திலோ பெண்ணுக்கு வரன் அமைந்த களை. “அவங்க தரலைன்னா என்ன? நாமளே கட்டிக்கலாம்!”

கட்டுவது லேசா? மூலநிரலைப் பிரித்தாலே ஒரு ஜிபியைத் தாண்டும். கம்பைல் ஆக ஆக இன்னும் ஊதும். செல்லத்துக்குத் தாங்காது. அதனால் ராத்திரியில் மகனின் கேமிங் லேப்டாப் காணாமல் போகும். ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்று தட்டினால் நீலத்திரையில் மெனுவுக்குள் மெனுவாக விரியும். லினக்ஸ் கெர்னலில் இப்படித் தீர்மானிக்க வேண்டியவை பத்தாயிரத்துக்கு மேல். சூப்பர் கம்ப்யூட்டர்களை இணைக்கும் இன்ஃபினிபேண்ட் இந்த ஏழு அங்குலத்துக்குத் தேவையா என்பதற்கும் காபி போட்டுக் குடித்துவிட்டுத்தான் முடிவு. சந்தேகமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடும்படி உதவிக் குறிப்புகளே பல இடங்களில் சொல்கின்றன. பால்கனிக்கு வலை அடிக்கலாமா என்று வீட்டில் கேட்டாலும் இப்போதெல்லாம் இதே சட்டம்தான்.

சிக்கனத்துக்கு ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்று ஒன்று வைத்திருக்கிறார். செல்லத்தில் அந்த நிமிஷம் ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியலைக் கொடுத்தால், மற்ற மாட்யூல்களையெல்லாம் அது கழித்துக் கட்டிவிடும். கெர்னல் இளைக்க இளைக்க இவர் பூரிப்பார்.

விடியும்போது டெப் ஃபைல் தயார். கெர்னலைச் சும்மா நகலெடுத்துப் போடுகிறவர்களை அவர் மதிப்பதே இல்லை. “பேக்கேஜா போட்டாத்தாங்க நாளைக்குச் சுத்தமா கழட்ட முடியும்.” பதிப்பு எண்ணின் வாலில் மனைவியின் பெயரைச் சேர்த்திருக்கிறார். அந்த அம்மாளுக்கு இதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. கெர்னல் பேனிக் ஆகி நின்றாலும் அந்தப் பெயரோடுதான் நிற்கும். ‘யூநேம்’ கட்டளை கொடுத்து அதை எல்லோருக்கும் காட்டுவார். சிலிண்டர் போட வந்தவர்கூடப் பார்த்திருக்கிறார்.

தீபாவளிக்கு வந்த மச்சினன், குழந்தையின் காதுகுத்துப் படங்களைக் காட்டச் செல்லத்தில் பென்டிரைவைச் செருகினான். திரையில் ஒரு அசைவும் இல்லை.

“அத்தான், ஒண்ணுமே வரலையே?”

“எப்படி வரும்? லிஸ்ட் எடுத்த அன்னிக்கு பென்டிரைவ் மாட்டலையே!” குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

“ஏங்க, படமெல்லாம் என் போன்லயே இருக்கு. சாப்பிட வாங்க.”

அது அவர் காதில் விழவில்லை. மகனின் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தார். பையன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தான்.