பெரிகோர்த் திணையியல்

பாயிரம்

உண்பதற்கும் ஊர் சுற்றுவதற்கும் இலக்கணம் எதற்கு என்பார்க்கு, முன்னோர் வழக்கு உண்டு என விடை கூறுக. நாச்சுவைக்குச் சாத்திரம் செய்த பிரியா-சவரேன் என்னும் பிரெஞ்சு நீதிபதி, 1825 டிசம்பரில் நூலை வெளியிட்டு 1826 பிப்ரவரியில் காலமானார். இந்நூல் சுருக்கமாக அமைந்ததற்கு நமக்கும் அப்படி ஆகுமோ என்ற அச்சமும் ஒரு காரணம்.

நுதலிய பொருள்: தென்மேற்குப் பிரான்சின் பெரிகோர் வட்டாரத்தில், தோர்தோஞ் ஆற்றுப் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் கழிக்கும் கோடை விடுமுறை. அகத்திணை மரபுப்படி இருவர் பெயரும் சொல்லப்படாது. தலைவன், தலைவி என்றே வழங்கப்படுவர்.

1. நிலம்

நமக்குத் திணை ஐந்து, பெரிகோருக்கு நான்கு. நாம் பூவால் பெயரிட்டோம், அவர்கள் நிறத்தால் பெயரிட்டார்கள். வடக்கே புல்வெளியும் காடும் பச்சை. பெரிகே நகரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் நிலம் வெள்ளை. பெர்ஜெராக்கின் திராட்சைத் தோட்டங்கள் ஊதா. சார்லாவைச் சூழ்ந்த அடர்ந்த ஓக் காடு கறுப்பு.

பாலை எங்கே எனின், அதற்குத் தனி நிலம் கிடையாது. மற்ற நிலங்கள் தம் இயல்பு கெடும்போது தோன்றுவது அது. எப்போது கெடும் என்பது பொழுதில் கூறப்படும்.

2. ஊர்

ஊர் மூவகைப்படும்: தொங்குவன, முறைப்பன, கட்டமிட்டன.

தொங்குவன: லா ரோக்-கஜாக். செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருப்பது. ஊர் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க விரும்பும் தலைவன் கேமராவோடு பின்னோக்கி நடப்பான். ஆறு வருமுன் தலைவி சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

முறைப்பன: பேனாக்கும் கஸ்தெல்நோவும். ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கும் கோட்டைகள். நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுப் பக்கம், மற்றது பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். இன்றோ காலையில் ஒன்றுக்கும் மாலையில் மற்றதற்கும் ஒரே ஆள் சீட்டு வாங்குகிறான்.

கட்டமிட்டன: பஸ்தீது எனப்படும் திட்டமிட்ட ஊர்கள். மோன்பாசியே, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1284இல் நிறுவியது. நேர்த்தெரு, குறுக்குத்தெரு, நடுவே வளைவுத் தாழ்வாரம் சூழ்ந்த சதுக்கம். வழி தவறவே முடியாத ஊர் என்பர். தலைவன் தவறினான்.

3. கருப்பொருள்

உணவு வாத்து. அது உறுப்பால் ஐந்தாகும்.

கால், கொன்ஃபி ஆகும்: உப்பிட்டு, வாத்தின் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, அதே கொழுப்பில் மூழ்க வைத்துச் சேமிப்பது. குளிர்பெட்டி இல்லாத காலத்து உபாயம். நம் உப்புக்கண்டத்துக்குத் தூரத்து உறவு. நெஞ்சு, மக்ரே ஆகும்: தோல் மொறுமொறுப்பு, உள்ளே சிவப்பு. "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்றால் பரிமாறுபவர் முகம் வாடும். இரைப்பை சாலட்டுக்குப் போகும். கொழுப்பு, பூண்டும் பார்ஸ்லியும் சேர்ந்த உருளைக்கிழங்குக்குப் போகும். ஈரல், ஃபுவா க்ரா ஆகும்: மக்காச்சோளத்தைத் தொண்டைக்குள் செலுத்திப் பெருக்க வைத்தது. 2006இல் பிரெஞ்சுச் சட்டம் இதைப் பண்பாட்டு மரபு என அறிவித்தது. தலைவி சட்டத்தை ஏற்காமல் தட்டை நகர்த்தினாள். அதையும் தலைவனே தின்று தீர்த்தான். மருதத்துக்கு உரிய ஊடல் பிறந்த இடம் இது.

சிறுபொருள்: ரொக்கமதூர் என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஒன்று 35 கிராம். வால்நட் எண்ணெய். ஷாப்ரோ என்னும் வழக்கம்: சூப்பின் மிச்சத்தில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கி மடமடவென்று குடிப்பது. ரசத்தைத் தட்டோடு தூக்கிக் குடித்து அம்மாவிடம் வசவு வாங்கியவர் இதை எளிதில் உணர்வர்.

இன்மைப் பொருள்: கறுப்பு திரஃபிள். மண்ணுக்குள்ளிருந்து இதைத் தோண்டும் பருவம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடைப் பயணிக்கு இது டப்பாவிலும் பேச்சிலும் கிடைக்கும்.

4. மாந்தர்

தோழி: கைப்பேசியில் வழி சொல்லும் பெண்குரல். இருவருக்கும் பொதுவானவள், தலைவி சொன்ன வழியையே அவளும் சொல்வதால் தலைவன் அவளை நம்புவதில்லை. செவிலி: உணவகத்து அம்மா. தட்டில் மீதி வைத்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார். கண்டோர்: சதுக்கத்து மரநிழலில் இரும்புக் குண்டு வீசி விளையாடும் முதியவர்கள். பார்ப்பர், பேசார்.

5. பொழுது

சிற்றூர் உணவகத்தில் அடுப்பு 12 மணிக்குப் பற்றி 2 மணிவாக்கில் அணையும். மறுபடி பற்றுவது இரவு 7 மணிக்கு மேல். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பிரான்சின் கடிகாரம் பெர்லின் நேரத்துக்கு மாறியது. போர் முடிந்தும் அதுவே நிலைத்தது. 1976 முதல் கோடையில் இன்னும் ஒரு மணி கூடியது. ஆகவே பெரிகோரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சுமார் 2 மணிக்கு. அடுப்பு அணைவதும் அப்போதே. வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியன என்ற விதி இங்கும் பிழைபடவில்லை.

6. உரிப்பொருள்

பாலைக்கு உரியது பிரிவு. இங்கே தலைவனும் தலைவியும் பிரியவில்லை. இருவரும் சோற்றைப் பிரிந்தனர். மோன்பாசியேயில் மணி 2.10. முதல் கதவு சாத்தியிருந்தது. இரண்டாவதில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தனர். மூன்றாவதைத் தேடும்போது தோழி உயிரடங்கினாள். தலைவன் மின்னேற்றி கொண்டுவரவில்லை.

புறனடை

பாலைக்கு உரியது பிரிவு மட்டும் அன்று, உடன்போக்கும் ஆகும். உடன்போக்கில் தோழி கூட வருவதில்லை என்பதும் மரபே. எனவே மேற்கூறிய நிகழ்ச்சியில் குற்றம் இல்லை என்று தலைவன் வாதிட்டான்.

தலைவி பதில் சொல்லாமல் பையைத் திறந்தாள். காலைச் சந்தையில், "இப்போது எதற்கு, மதியம் உணவகத்தில் சாப்பிடப் போகிறோமே" என்று தலைவன் தடுத்தும் அவள் வாங்கியவை: வால்நட் ரொட்டி, இரண்டு ரொக்கமதூர், நாலு பீச் பழம். தாழ்வாரத்துக் கல்திண்ணையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார்கள். பெரிய துண்டு தலைவனுக்கு வந்தது. ஊடல் தீர்ந்தது என்று பொருள் கொள்க.

குண்டு வீசிக்கொண்டிருந்த முதியவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பழைய நூல்களில், பாலை வழியில் போகும் இருவரைக் காணும் கண்டோர் இரங்குவர். இவர் தொப்பியைத் தொட்டு, "பொன் அப்பெத்தி" என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்பது அதன் பொருள்.

இது கண்டோர் கூற்று.