மூவேந்தர் காலத்து எல் போர்டு

ஓட்டிப் பழக ஒரு பழைய காரை மலிவாக வாங்கிப் போடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று நம்புகிறவர்கள் வரலாறு படிக்காதவர்கள். இந்த நாட்டில் வெகுகாலம் பழைய கார் மலிவான பொருளாகவே இருந்ததில்லை. வசதி குறைந்தவர் புதுக் காருக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பணத்தை என்ன செய்வதென்று தெரியாதவர்தான் பழைய கார் வாங்கினார். இந்தத் தலைகீழ்ப் பொருளாதாரம் விளங்க வேண்டுமென்றால் மூவேந்தர் காலத்துக்குப் போக வேண்டும்.

1950-களின் தொடக்கத்தில் தில்லி ஒரு முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்பவர்கள் மூட்டை கட்டலாம். இங்கேயே செய்பவர்கள் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சிய கார்களில் மூன்றுக்கு முடி சூட்டப்பட்டது. வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பிறந்த பெரியவர். பம்பாய் குர்லாவில் ஃபியட், பின்னாளில் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்ட இத்தாலியர். நம் பங்குக்குச் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

பழைய மூவேந்தர்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். இவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. மூவர் வாசலிலும் வருடக்கணக்கில் வரிசை நின்றது. வாங்குபவரே காத்துக் கிடக்கும்போது அடுத்தவனோடு எதற்குப் போர்? வண்டியை மாற்றவும் அவசியம் இல்லை. முன்பக்கக் கிரில்லை மாற்றி ‘மார்க் டூ’ என்று பட்டம் கட்டினால் புது அவதாரம்.

விலையை அரசாங்கம் நிர்ணயித்தது. 1969-இல் அதற்கென்று ஓர் ஆணையே வந்தது. கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஆனால் பழைய காரின் விலையை எந்த ஆணை கட்டுப்படுத்தும்? புதுக் கார் அரசாங்க விலை, ஆனால் கிடைக்காது. பழைய கார் கிடைக்கும், ஆனால் சந்தை விலை. ஆகவே ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே காரின் மதிப்பு ஏறியது. இன்று அதே வாசலைத் தாண்டினால் எவ்வளவு இறங்கும் என்பது கடன் போட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட சொத்தை எந்தத் தகப்பன் மகன் கையில் கொடுத்து, “போய் மோதிப் பார்” என்பான்? பையனுக்கு அனுமதிக்கப்பட்டவை இரண்டு: ஞாயிற்றுக்கிழமை கழுவலாம், நிற்கும்போது உள்ளே உட்காரலாம். ஹாரனுக்குத் தனி உத்தரவு வேண்டும். ஓட்டக் கற்றவர்கள் எல்லாம் டிரைவர் அண்ணன் தயவில் கற்றவர்கள்தான். முதலாளி கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் முக்கால் மணி நேரம்தான் அன்றைய டிரைவிங் ஸ்கூல்.

ஆசிரியர்களாக மூவேந்தரின் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். அம்பாசிடரில் முன்பக்கம் ஒரே நீள இருக்கை. அண்ணன் நெருங்கி உட்கார்ந்து தன் காலாலேயே பிரேக்கை எட்டிவிடுவார். கியர் ஸ்டியரிங் தண்டில் இருந்தது. இரண்டாவது எங்கே முடிகிறது, ரிவர்ஸ் எங்கே தொடங்குகிறது என்பது பரம ரகசியம். பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்ப முயன்றவனுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்படவில்லை. ஃபியட்டிலும் கியர் அதே தண்டில்தான், ஆனால் உடம்பு சிறியது, சந்துக்குள் நுழையும். ஹெரால்டு தனி ரகம். கியர் தரையில் இருந்தது, கைக்கு அடக்கமாகத் திரும்பும், பானெட்டோடு முன்பக்கம் முழுவதையும் முன்னால் சாய்த்துத் திறக்கலாம். பழகுகிறவனுக்கு எல்லாவிதத்திலும் பொருத்தமான வண்டி என்பதால் அதன் வம்சம்தான் முதலில் அற்றுப்போனது.

1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். குட்டி இன்ஜின், மூன்றே சிலிண்டர், 796 சி.சி. முன்சக்கரம்தான் வண்டியை இழுத்தது. கிளட்ச் மிதிக்கத் தொடை பலம் தேவையில்லை, கியர் போட ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. பழகுகிறவர்களின் இரட்சகன் வந்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரட்சகனுக்கும் வரிசை நின்றது. முன்பதிவுச் சீட்டு கைமாறுவதற்கே தனி விலை. பையன் மறுபடியும் வாளியும் துணியுமாக ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பினான்.

விடிந்தது 1993-இல். கார் தயாரிக்க உரிமம் வேண்டும் என்ற விதி போனது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதே வருடம் மாட்டிஸும் இண்டிகாவும் வந்தன. பணம் கட்டினால் கார் கொடுக்கிறார்கள் என்ற வதந்தி உண்மை என்று தெரிந்ததும் நடுத்தர வர்க்கம் போர்டிகோவில் நின்ற மாருதியைத் திரும்பிப் பார்த்தது. முந்தின நாள்வரை குடும்பக் கௌரவமாக இருந்த வண்டி ஒரே இரவில் ‘பையன் பழக ஆகும்’ ஆனது. மலிவான பழைய கார் என்ற இனம் அன்றுதான் இங்கே பிறந்தது. பிரசவம் பார்த்தவர் புரோக்கர்.

புரோக்கர்கள் எழுதிவைத்த வரலாற்றின்படி தமிழ்நாட்டில் விற்பனைக்கு வந்த ஒவ்வொரு மாருதியையும் லேடி டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. “சார், சிங்கிள் ஹேண்டு. கண்ணை மூடிட்டு எடுங்க.” கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்க வேண்டும், திறந்தால் நசுங்கலை மறைத்துப் பூசிய பட்டி தெரிந்துவிடும்.

விவரமான தகப்பன்கள் சட்டைப் பையில் ஒரு காந்தத்தோடு வந்தார்கள். தகரத்தில் ஒட்டும், பட்டியில் வழுக்கும். டிங்கரிங் எங்கே நடந்தது என்று அதுவே சொல்லிவிடும். மீட்டரைப் பின்னால் சுற்றலாம், பெடல் ரப்பரின் தேய்மானத்தைச் சுற்ற முடியாது. முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சத்தியம் செய்யும் வண்டியில் கிளட்ச் ரப்பர் வழவழவென்று இருந்தால் லேடி டாக்டர் கன்னியாகுமரியில் கிளினிக் வைத்திருந்தார் என்று பொருள். கால்விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது கடலோர ஊர்களில் கட்டாயம். உப்புக்காற்று தின்ற தரைவழியே சாலை தெரிந்தால் அது காற்றோட்டம் அல்ல.

புகைக்கும் நிறம் உண்டு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. கிளட்சுக்கு ஒரு சோதனை உண்டு: ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் மெல்லக் கிளட்ச்சை விட வேண்டும். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, புரோக்கர் உடனே பேச்சை மாற்றுவார். அவர் பேச்சை மாற்றும் இடங்களைக் குறித்துக்கொண்டாலே மெக்கானிக் கூலி மிச்சம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நம் முன்னோர் செய்த முதல் காரியம் எலுமிச்சம்பழம், இரண்டாவது சீட் கவர், மூன்றாவது டேஷ்போர்டில் பிள்ளையார். பிரேக் நினைவுக்கு வந்தது முதல் சுவருக்குப் பிறகுதான். உண்மையில் செலவு போக வேண்டிய வரிசை தலைகீழ். முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு விளக்கும் வைப்பரும் ஹாரனும், கடைசியாகக் கிளட்ச் கேபிள். சென்னைக்காரர்களுக்குப் புதுப் பாகங்களுக்கு ஜி.பி. ரோடு, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் தேடினால் போன வாரம் காணாமல் போன சொந்த வீல் கேப்பையே வாங்கலாம் என்று ஓர் ஐதீகம். பெயின்டுக்குக் காசு செலவழிப்பது வீண். அடுத்த மூன்று மாதம் கேட் தூண்கள் தங்கள் நிறத்தை அதில் பூசவிருக்கின்றன. இடது பக்கம் அமர்பவருக்கென்று கூடுதலாக ஒரு கண்ணாடி ஒட்டினால் குடும்பத்தில் பாதிச் சண்டை குறையும்.

காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆர்.சி. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸ் பெயர் மாற்றமும் முதல் உறுமலுக்கு முன்பே முடிய வேண்டும். பதினைந்து வயது தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எல் போர்டுக்கும் சட்டத்தில் அளவு உண்டு: வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர், முன்னும் பின்னும். நடைமுறையில் பின்னால் மட்டும் ஒட்டுவோம். எதிரே வருபவன் தன் விதியைத் தானே பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை.

பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவர், வண்டியை அடக்கவோ நிறுத்தவோ வாகான இடத்தில் உட்கார வேண்டும் என்பதும் விதி. பயிற்சிப் பள்ளி வண்டியில் அவர் காலடியிலும் பெடல் இருக்கும், அது கட்டாயம். வீட்டு வண்டியில் தகப்பனுக்கு அந்த வசதி இல்லை. அவர் வெறும் தரையை மிதித்தே பிரேக் போடுவார். தரை துருப்பிடித்திருக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-இல் ஒரே வருடத்தில் நின்றுபோயின. அதனால் நம் கதை நிற்கவில்லை; இன்று ஆல்ட்டோவும் வேகன் ஆரும் அந்தப் பணியைத் தொடர்கின்றன. பையன் லைசென்ஸ் வாங்கியதும் வண்டியை விற்க அதே புரோக்கர் வருவார். நான்கு மூலையிலும் பட்டி, கிளட்ச்சில் மரண வாசனை. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு எல் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்பார்: “உங்க வீட்ல டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு யாராச்சும் இருக்காங்களா சார்?”